முப்பத்தைந்து மைலில் வரும் சத்தம்

முப்பத்தைந்து மைல் வேகம் வரும் வரைக்கும் அந்த வேன் பரம சாது. முள் முப்பத்தைந்தைத் தொட்டதோ இல்லையோ, அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். வூம்... வூம்... வூம்... என்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி வண்டியும் நடுங்கும். பின்னால் மருந்துப் பெட்டிக்குள் மிக்சர் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அந்தப் பாட்டில்களுக்குப் பொறுப்பு நான். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது நான் கம்பவுண்டர். எழுபத்தேழாம் வருஷம் பிப்ரவரியிலிருந்து மே மாதத்துக்குள் பதினோரு பாட்டில் உடைந்தது. பன்னிரண்டாவது டிங்க்சர் அயோடின், அது என் வெள்ளை வேட்டியிலேயே கொட்டியது. அன்றைக்கு டிரைவர் அசரியாவை நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வேன் என்றால் இப்போது ஓடுகிற மாதிரி வழவழப்பான வேன் இல்லை. ஜீப்பின் சட்டத்துக்கு மேல் தகரக் கூடு ஏற்றிய பழைய வண்டி. ஓர் ஆள் உயரம், பின்னால் இரண்டு பெஞ்சு, கியர் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டிக் கம்பிகள். அதில் ஒன்றை இழுத்தால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஆற்று மணல், ஏரிச் சேறு, ராமகுப்பம் பக்கத்துக் கல்பாதை, எங்கே போனாலும் போன இடத்திலிருந்து திரும்பி வரும். கிராமம் கிராமமாக வைத்தியக் கேம்ப் போவது அதில்தான். பத்தொன்பது வருஷமாக அதை ஓட்டியவர் அசரியா. குள்ளமான மனிதர், சீட்டில் ஒரு தலையணை போட்டுத்தான் உட்காருவார். சாவியை வேறு யார் கையிலும் தரமாட்டார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவர் செய்யாதது இல்லை. சக்கரத்து பேரிங்குகளைக் கழற்றிக் கழுவிப் போட்டார். பின்சக்கரங்களைச் சுழற்றுகிற நீள ஷாஃப்டின் மூட்டுகளை மாற்றினார். இஞ்சினைத் தாங்குகிற ரப்பர்களை மாற்றினார். கடைசியில் ரேணிகுண்டாவுக்குக் கொண்டுபோய் நாகையாவின் பட்டறையில் காட்டினார். நாகையா அந்தப் பக்கத்தில் பெயர் எடுத்த மெக்கானிக். ஒரு ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியைக் கியர் பெட்டியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அயிபோயிந்தி அண்ணா. முடிஞ்சிபோச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிச்சிக் குடுக்குதே, அந்தப் பொட்டி கதை கந்தல். புது பொட்டி எக்கட தொரகுது, எங்க கெடைக்கும்? அந்த ராமகுப்பம் ரோட்டுல கல்லு மேல ஏத்தினியே, அப்பவே அடி வாங்கிடிச்சி."

கல்லின் மேல் ஏறியது உண்மைதான், பிப்ரவரி முதல் வாரத்தில். அதற்கப்புறம்தான் சத்தமும். ஆகவே எல்லாரும் அந்தக் கல்லையே திட்டினோம்.

இந்த நிலையில் ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் இன்பசேகரன் ஐயா சித்தூரிலிருந்து வந்து ஒருநாள் கேம்புக்கு எங்களோடு புறப்பட்டார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், கட்டுப்பல். நாற்பது மைல் வேகத்தில் மேல்வரிசைப் பல் மடியில் விழுந்தது. பாவம், என்ன செய்வார். அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்துவிட்டது. வண்டியை விற்றுவிடுவது, கேம்ப் நிறுத்தம், அசரியா இனி கேட்டில் வாட்ச்மேன். திங்கட்கிழமை தாமே வருவதாகவும், அந்த வண்டியிலேயே சித்தூர் போய் அதை ஒப்படைத்துவிட்டு அசரியா பஸ்ஸில் திரும்பலாம் என்றும் எழுதியிருந்தார்.

கடிதத்தைப் படித்துக் காட்டியது நான். அசரியா வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மத்தியானம் அவர் மனைவி லோயிஸ் களியும் வேர்க்கடலைத் துவையலும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். லோயிஸ் மிஷன் பள்ளியில் டீச்சர், கோயிலில் பாடகர் குழுத் தலைவி, ஆர்மோனியமும் அவர்தான். குழுவில் இருபது பேர் பாடும்போது ஒருத்தி இம்மி இறங்கிப் பாடினாலும் பாட்டை நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஊரில் பாதிப் பேருக்கு அவரிடம் பயம், மீதிப் பேர் குழுவிலேயே சேரவில்லை.

"வெளிய வாங்க. துன்னுட்டு அப்பால படுத்துக்கினு அழுங்க."

"நான் எங்க அழுவறேன்? கிரீஸு கண்ணுல பட்டுடிச்சி."

"பத்தொம்போது வருசமா படாத கிரீஸு இன்னிக்கிப் பட்டுச்சா? வாங்க. களி ஆறிட்டா கல்லு."

அவர் வெளியே வந்து வாளித் தண்ணீரில் கை கழுவினார். ஒரு உருண்டை விழுங்கிவிட்டு நிறுத்தினார்.

"லோயிஸு, கேட்டுல ஒக்கார்றது எனக்குப் பிரச்சினை இல்ல. இந்த வண்டி வேற ஒருத்தன் ஓட்டிக்கினு இதே கேட்டத் தாண்டிப் போச்சின்னா, அதுக்கு நான் கதவத் தொறந்து வுடணும். அதான் என்னால ஆவாது."

லோயிஸ் வண்டிப் பக்கம் திரும்பினார். "சத்தம் இன்னா சுருதி?" என்று கேட்டார்.

"இன்னாது?"

"சுருதிங்க. டோ ரே மீல எது, டோவா, லாவா? எந்த எடத்துல நிக்குது, ஏறுதா எறங்குதா? நாலு மாசமா சத்தம் சத்தம்னு சொல்றீங்களே, ஒருத்தராவது ஒழுங்கா கேட்டீங்களா? நாகையா கேட்டது கியர் பொட்டிய மட்டும். பள்ளிக்கூடமும் லீவுதான். நாளைக்கி நான் வரேன்."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அக்கினி நட்சத்திர வெயில் ஏறுவதற்குள், கோயில் ஆர்மோனியம் வேனில் ஏறியது. பின்பெஞ்சில் லோயிஸ், எதிரில் நான். பெட்டி நகராமல் பிடித்துக்கொள்வது என் வேலை. புத்தூர் தாண்டி ரேணிகுண்டா ரோட்டில் வண்டி வேகம் எடுத்தது. முப்பத்தைந்து. வூம்... வூம்... லோயிஸ் துருத்தியை அழுத்தி ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்தார். எதிரில் வந்த மாட்டு வண்டிக்காரர் எழுந்து நின்று பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கெடச்சிது!" என்று கத்தினார் லோயிஸ். "கீழ் லா! இப்போ கிளச்ச அமுக்குங்க!"

"எதுக்கு?"

"அமுக்குங்கன்னா அமுக்குங்க!"

கிளச்சை அமுக்கினார். இஞ்சின் சத்தம் தணிந்தது. முனகல் அப்படியே இருந்தது. ஆர்மோனியத்துக் கட்டையும் அதுவும் ஒன்றாகவே ஒலித்தன. வேகம் குறையக் குறையத்தான் சுருதி இறங்கியது.

"இஞ்சினு இல்ல! திரும்ப அதே முப்பத்தஞ்சு. மூணாங் கியர்ல ஓட்டுங்க!"

மூன்றாம் கியரில் இஞ்சின் அலறியது. முனகல் அதே லா. கியர் மாறினாலும் அது மாறவில்லை.

"மெயின் கியர் பொட்டியும் இல்ல!" இப்போது கத்தியது அசரியா. திரும்பிப் பார்த்த முகத்தில் நாலு மாதத்தில் நான் பார்க்காத வெளிச்சம். "அதுக்கும் பின்னாடி, சக்கரத்தோட சேந்து சுத்தறது ஏதோ ஒண்ணு. ஆனா அந்தப் பங்கு பிரிக்கிற பொட்டியும் சக்கரத்தோடதான் சுத்துது, லோயிஸு. நாகையா சொன்னதே சரியா இருக்கும்."

"முன்னால பாத்து ஓட்டுங்க! நான் இன்னும் முடிக்கல."

அவர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் காதை மட்டும் கொடுத்தார். வூம்... வூம்... வூம்... விரலால் தொடையில் தட்டி எண்ணினார். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கம்பவுண்டர் தம்பி, இது ஒரு சத்தம் இல்லப்பா. ரெண்டு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அவரே விளக்கினார். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு உள்ளே இரண்டு ரீடு, அதாவது பித்தளை நாக்கு, இருக்கும். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் நாதம் நேராக நிற்கும். ஒன்றின்மேல் தூசி உட்கார்ந்து அது துளி இறங்கிவிட்டால் நாதம் அலை அடிக்கும். கோயில் பெட்டியிலேயே அப்படி ஒரு கட்டை இருந்தது. அதை அமுக்கிக் காட்டினார். வூம்... வூம்... அச்சு அசல் வேன்.

"ஒண்ணு லா. இன்னொண்ணு லாவுக்கு இம்மி கீழ. ஒரே மாதிரி சாமான் ரெண்டு, ஒரே வேகத்துல சுத்தவேண்டியது, ஒண்ணு மட்டும் கொஞ்சம் மெதுவா சுத்துது. வண்டிக்கு அடியில அப்பிடி ரெண்டு இன்னா கீது?"

அசரியா ஸ்டியரிங்கை விட்டுக் கைகளை எடுத்தார். "ஷாஃப்ட்டு" என்றார் மெதுவாக. "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. முன்சக்கர கியரு போடலைன்னாலும் முன் ஷாஃப்ட்டு சும்மா சுத்திக்கினுதான் இருக்கும். முன்சக்கரம் அத சுத்த வைக்கும்."

"அப்போ அது ரெண்டையும் ஒண்ணா கட்டிட்டா?"

"கியரு போட்டா ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ண வுட்டு ஒண்ணு ஓடாது." அவர் குரல் ஏறியது. "ஆனா தார் ரோட்டுல போட்டா கியரு பல்லு ஒடைஞ்சிடும். மண்ணு வேணும். ஏரி! நம்ம ஏரி காஞ்சிதானே கீது!"

ஏரிக்குள் வண்டி இறங்கியபோது வெயில் சுள்ளென்று ஆகிவிட்டது. வெடித்த தரையின்மேல் பொடிமண். கரையில் ஆடு மேய்த்தவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு விலகினார்கள். முப்பத்தைந்து மைலில் வட்டமடித்தோம். ரோட்டில் கேட்டதைவிடக் கம்மியாக, ஆனால் தெளிவாக அலை அடித்தது. அசரியா வேகத்தைக் குறைத்துக் குட்டிக் கம்பியைப் பிடித்து இழுத்தார். கடக் என்று விழுந்தது. மறுபடி முப்பத்தைந்து.

முனகல் இருந்தது. அலை இல்லை. நேராக, ஒரே நாதமாக, ஆடாமல் அசையாமல் நின்றது. என் பாட்டில்கள் வாயை மூடிக்கொண்டன.

"நின்னுடிச்சி!" என்று கத்தினேன். அசரியா கம்பியைத் தள்ளினார். வூம்... வூம்... இழுத்தார். போச்சு. தள்ளினார், வந்தது. இழுத்தார், போச்சு. ஏரிக்குள் ஆறு வட்டம் அடித்தோம். புழுதியில் மூன்று பேரும் செம்மண் பொம்மை ஆகிவிட்டோம். லோயிஸ் ஆர்மோனியத்தைத் திறந்து அல்லேலூயா வாசித்தார். அவ்வளவு கண்டிப்பான டீச்சர் கெக்கெக்கே என்று சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஷெட்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி. முன் ஷாஃப்ட் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது? முன்சக்கரம் மெதுவாகச் சுற்றினால்தான் அப்படி ஆகும். லோயிஸ் பள்ளியிலிருந்து சாக்கட்டி கொண்டுவந்து முன்சக்கரத்தில் ஒரு கோடும் பின்சக்கரத்தில் ஒரு கோடும் போட்டார். பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக அசரியா வண்டியை நடை வேகத்தில் ஓட்ட, பின்சக்கரத்தை நான் எண்ணினேன், முன்சக்கரத்தை லோயிஸ் எண்ணினார்.

"முப்பது!" என்றேன்.

"இருபத்தொம்போது!" என்றார் லோயிஸ்.

அசரியா இறங்கிவந்தார். முன் டயரையும் பின் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோயிற்று.

"ஐயோ" என்றார். "செல்லியம்மா டயரு."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜனவரி கடைசியில் அறுப்பின் பண்டிகை. எல்லாரும் பூசணிக்காயும் கோழியும் கரும்பும் காணிக்கை கொண்டுவர, கருவாட்டுக்காரி செல்லியம்மா இரண்டு புது டயரை உருட்டிக்கொண்டு கோயிலுக்குள் வந்தார். முந்தின மழைக்காலத்தில் பிரசவத்தில் துடித்த அவர் மகளை ஆரணியாற்று வெள்ளத்தில் தாண்டிக் கொண்டுவந்தது இந்த வேன். சபையே கண்ணீர் விட்டது. பாதிரி ஐயர் டயர்மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார். முதற்பலன் காணிக்கை முன்னால்தானே இருக்கவேண்டும் என்று நாங்களே முன்சக்கரத்தில் மாட்டினோம். பழையது இரண்டும் நன்றாகவே இருந்தது. ஒன்று ஸ்டெப்னி ஆயிற்று. இன்னொன்றைப் பண்டிகை ஏலத்தில் விட்டார்கள். அதே வாரம் கல்லின்மேல் வண்டி ஏறியது. ஜெபம் பண்ணின புது டயரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

பின் டயரில் அறுநூறு என்று இருந்தது. முன் டயரில் அறுநூற்றைம்பது. எழுத்து டயர்மேலேயே இருந்தது. தினமும் அதைக் கழுவியது அசரியாதான்.

"பாக்கலியா நீங்க?" என்றார் லோயிஸ்.

"பாத்தேன். பெரிய மனசு, பெரிய டயருன்னு நெனச்சேன். மண்ணுல நல்லா ஏறும்னு சந்தோசப்பட்டேன்."

"சரி. இப்போ கழட்டுங்க."

"மாட்டேன்."

"இன்னாது?"

"ஒன்னோட காணிக்கைதான் வண்டியக் கெடுத்துச்சின்னு அந்தக்காகிட்ட நான் போயி சொல்லமாட்டேன், லோயிஸு. தலையில கருவாடு சொமந்து கால் தேஞ்சி வாங்கினது. வேல போனா போவட்டும்."

"வேலையும் போவும், வண்டியும் போவும். அந்த டயரும் அதோடவே எவன் கைக்கோ போவும்!"

"போவட்டும்."

புருஷனும் பெண்டாட்டியும் சனிக்கிழமை முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் லோயிஸ் வாசித்த ஆர்மோனியத்தில் கோபம் கேட்டது. ஆராதனை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு செல்லியம்மா வீட்டுக்கு நடந்தார். ஒரு மைல்.

செல்லியம்மா முந்தின நாள்தான் சூளூர்பேட்டையிலிருந்து ரயிலில் சரக்கு கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்துப் போடவேண்டியிருந்ததால் கோயிலுக்கு வரவில்லை. கூரைக்கடியில் கருவாட்டுக் கூடைகள் அடுக்கியிருந்தன. தரை ஈரம் ஏறாமல் அடிக்கூடைக்குக் கீழே ஒரு டயர். எங்கள் பழைய டயர். ஏலத்தில் அதை எடுத்ததும் அவர்தான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

லோயிஸ் சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். செல்லியம்மா நெத்திலியின் உப்பைத் தட்டிக்கொண்டே கேட்டார். டயர் பெரிசு என்ற இடத்தில் கை நின்றது. அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"கடக்காரன் சொன்னான் டீச்சரம்மா. அந்த வண்டிக்கி இந்த நம்பருதான்னு சொன்னான். நாந்தான் சண்ட போட்டேன். சாமிக்கிக் குடுக்கறது, சின்னதா குடுக்கலாமா, ஒரு நம்பரு பெருசாவே குடுடான்னேன்." உப்புக் கையை முந்தானையில் துடைத்தார். "நாலு மாசமா மொனகிக்கினு கெடந்தது என்னுதா?"

"ஒன்மேல தப்பு ஒண்ணும் இல்லக்கா. முன்னாடி மாட்டினது நாங்க."

"டைவரு இன்னா சொன்னாரு?"

"கழட்டமாட்டேங்கறாரு. நீ வருத்தப்படுவியாம். வேலையே போனாலும் பரவால்லியாம்."

செல்லியம்மா எழுந்து நின்றார். நல்ல உயரம்.

"நல்லா கீதே கத! நான் டயரா குடுத்தேன்? என் பொண்ணு உசிரோட கீறா, அதுக்குக் குடுத்தேன். அந்தாளு என்மேல எரக்கப்பட்டுக்கினு கேட்டுல ஒக்காந்துட்டாருன்னா, நாளைக்கி ஆத்துக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு துடிச்சா எவன் போவான்? நீ போவியா? தோ இந்தக் கம்பவுண்டரு போவாரா? அப்போ அந்தப் பொண்ணு செத்தா அது என் காணிக்கையாலதானே சாவும்?"

அவர் கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். டயரை நிமிர்த்தினார். எங்களைத் தொடவிடவில்லை. கொளுத்துகிற வெயிலில் அந்த ஒரு மைலும் தாமே உருட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டுக்கு முன்னால் டயரைப் படுக்கப் போட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"யோவ் டைவரு! வெளிய வாய்யா. ஜாக்கிய எடு. என்னுத ரெண்டையும் கழட்டி உள்ள பத்திரமா வையி. என்னிக்காவது பின்னாடிக்கும் அதே நம்பரு கெடைச்சா நாலையும் ஒண்ணா மாட்டிக்கோ. இப்ப இத மாட்டு."

அசரியா அவரைப் பார்த்தார், லோயிஸைப் பார்த்தார். ஜாக்கியை எடுத்தார். இந்தத் தடவை கண்ணில் பட்டது கிரீஸ் என்று அவரே சொல்லவில்லை. முன்பக்கம் ஒரு சக்கரத்தில் செல்லியம்மாவின் கூடைக்கடி டயர், இன்னொன்றில் ஸ்டெப்னி. சாயங்காலம் ரேணிகுண்டா ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து. அலை இல்லை. லேசாக, நேராக ஒரு ரீங்காரம் மட்டும். வண்டி முழுக்கக் கருவாட்டு வாசனை. புருஷனும் பெண்டாட்டியும் முன்சீட்டில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே வந்தார்கள்.

திங்கட்கிழமை இன்பசேகரன் ஐயா வந்தார். நாங்கள் சொன்னதை அவர் கேட்கத் தயாராக இல்லை. "எத்தனை தடவை சரி பண்ணிட்டோம்னு சொல்லியிருக்கீங்க? முடிவு முடிவுதான். ஆபீசில் வாங்கற ஆள் காத்திருக்கும். கிளம்பு" என்றார். பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். பஸ்ஸில் திரும்பும்போது சாப்பிட அசரியாவுக்கு லோயிஸ் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். ஆபீஸ் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்துப் பெட்டியோடு நான் பின்னால் உட்கார்ந்தேன்.

புத்தூர் தாண்டும் வரை ஐயா முன்னால் இருந்த கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முள் முப்பத்தைந்துக்கு வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். நாற்பது. பாட்டில்கள் பேசவில்லை. அடியிலிருந்து அந்த ஒரே நாதம் மட்டும் தாலாட்டு மாதிரி வந்துகொண்டிருந்தது. ஐயாவின் ஒரு கை கம்பியிலிருந்து நழுவியது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு கையும். பிறகு தலை சாய்ந்தது. குறட்டை வந்தது. அசரியா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மீதி நாற்பது மைலும் அவர் ஒரு ஹாரன் அடிக்கவில்லை.

சித்தூரில் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். சத்தம் நின்றதும்தான் ஐயா விழித்தார்.

"ஏன் நிறுத்திட்டே?"

"சித்தூரு வந்துடிச்சிங்கய்யா."

"அதுக்குள்ளயா?"

அசரியா இறங்கி வந்து அவர் பக்கம் நின்று சாவியை நீட்டினார். ஐயா சாவியைப் பார்த்தார். மடியைத் தொட்டுப் பார்த்தார். வண்டியின் கூரையைப் பார்த்தார். கைக்குட்டையைப் பிரித்துப் பல்லை மாட்டிக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"அடுத்த கேம்ப் எங்கே?" என்றார்.

அசரியா திரும்பி என்னைப் பார்த்தார். "புதன்கிழமை ராமகுப்பம்யா" என்று நான்தான் சொன்னேன்.

"ரொம்ப தூரமாச்சே. சீக்கிரம் திரும்பிப் போங்க, வண்டியைத் தயார் பண்ணவேண்டாமா?" என்று இறங்கி உள்ளே போய்விட்டார்.

அசரியா தம் சீட்டில் ஏறித் தலையணைமேல் உட்கார்ந்தார். சாவியைத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். சாவி தகரத்தில்தான் குத்தியது.

"தம்பி" என்று சாவியை என் பக்கம் நீட்டினார். "இத நீ கொஞ்சம் போட்டுக் குடுப்பா."